பத்து நாற்பத்தாறு வரை நின்ற லாரி

அபேரத்ன ஒரு நாளைக்கு முப்பது கான்கிரீட் கட்டிகளை உடைப்பார். இருபத்தொரு வருஷமாக அதுதான் அவருடைய வேலை. கிரியுல்ல சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த கலவை ஆலையின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தராசு, ஓர் அழுத்தும் இயந்திரம், ஒரு நாற்காலி. ஆலையிலிருந்து கிளம்பும் லாரிகளில் கொஞ்சம் கலவையை எடுத்து இரும்பு அச்சில் அடைத்து, மறுநாள் அச்சைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் போட்டு வைப்பார். ஏழாம் நாள் சிலவற்றையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் எடுத்து இயந்திரத்தில் வைத்து உடையும்வரை அழுத்துவார். உடைந்தபோது முள் எந்த எண்ணில் நின்றதோ அதைப் புத்தகத்தில் எழுதுவார். வீட்டுத் தளத்துக்குப் போகும் கலவை ஐந்நூற்று அறுபதைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அந்தத் தாள் மேலே போகும், யாரோ யாருக்கோ போன் செய்வார்கள். அது அவர் வேலையில்லை.

வீடு கட்டுகிறவர்கள் அவரைக் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் மடக்கிக் கேட்பார்கள். அவரும் சொல்வார். குரல் ஏறாது, இறங்காது.

"லாரி வந்ததும் டிரைவர்கிட்ட சீட்டைக் கேட்டு வாங்குங்க. கலவை போட்ட நேரம் அதுல இருக்கும். அதுல இருந்து ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதுக்கு மேல ஆச்சுன்னா திருப்பி அனுப்புங்க. வெட்கப்படாதீங்க, உங்க வீடு."

"கெட்டியா இருக்கு, தண்ணி விடுன்னு பாஸ் சொல்வான். டிரைவரும் விடுவான். தண்ணி மாதிரி ஓடுற கலவை வேலை செய்றவனுக்குச் சுகம். குடியிருக்கிறவனுக்கு இல்ல."

"போட்ட மறுநாள் சொந்தக்காரங்க எல்லாரும் மேல ஏறி நின்னு போட்டோ எடுப்பாங்க. அப்புறம் அந்தப் பக்கமே ஒருத்தரும் போக மாட்டாங்க. ஏழு நாள் அது மேல தண்ணி நிக்கணும். பத்து நாள் நின்னா இன்னும் நல்லது. முட்டுக் கம்பை எடுக்க அவசரப்படுறவன் வேற வீட்டுக்குக் கம்பு தேடுறவன், ஞாபகம் வெச்சுக்குங்க."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், தங்கள் பாஸ் சொன்னபடியே செய்தார்கள். அந்தப் பக்கத்தில் வீடு கட்டும் மேசனை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ் சொன்ன சொல்லுக்கு முன்னால் புத்தகத்தில் எழுதிய எண்கள் நிற்பதில்லை. அபேரத்ன அதற்காக வருத்தப்பட்டதில்லை. சொல்லிவிட்டால் தன் பங்கு முடிந்தது என்று நினைக்கிற மனிதர் அவர். அது பொறுமையா அலட்சியமா என்று அவரே யோசித்துப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு தடவை வற்புறுத்தினார், தன் சொந்த வீட்டு அஸ்திவாரத்தின்போது.

நாரம்மலைக்கு வெளியே அவர்களுக்கு முக்கால் ஏக்கர் தோட்டம் இருந்தது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை வீடு. முன்பக்கம் புது வீட்டு அஸ்திவாரத்துக்கு வாணம் வெட்டியாகிவிட்டது. மனைவி ரம்யலதா சோதிடரிடம் நேரம் கேட்டு வைத்திருந்தாள், வியாழக்கிழமை காலை. புதன்கிழமை மத்தியானமே கிழக்கில் வானம் இருண்டது. வாணத்தில் தண்ணீர் நின்றால் எல்லாவற்றையும் திரும்ப வெட்ட வேண்டும் என்று அபேரத்ன அன்றைக்கே லாரியை வரவழைத்தார். "மழைக்கு நேரம் குறிச்சுக் குடுக்கச் சொல்லு உன் சோதிடரை" என்று வேலைக்காரர்கள் முன்னால் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். ரம்யலதாவும் பாதி சிரித்தாள். நான்கு மணிக்குள் அஸ்திவாரம் போட்டு முடிந்தது, ஐந்து மணிக்கு மழை கொட்டியது. கலவை நன்றாக இருந்தது. இருபத்தெட்டாம் நாள் அறுநூற்றுப் பத்துத் தாங்கியது.

ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில், அவர்களுடைய ஒரே மகன் சமித குளியாப்பிட்டிச் சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது தேங்காய் லாரியில் மோதி இறந்தான். இருபத்து நான்கு வயது. ஊர்ப் பையன்கள் சந்தியில் அவன் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கட்டினார்கள். துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகளை ஒரு வாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். படத்தை யாரும் அவிழ்க்கவில்லை. வெயிலில் முதலில் சட்டையின் சிவப்பு போனது, பிறகு முகம். அபேரத்ன தினமும் காலையில் அதன் கீழே நின்றுதான் ஆலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தார்.

ரம்யலதா அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொன்னது அவளுடைய அண்ணன் குணபால, மகன் பெயரில் பிக்குகளுக்குச் சாப்பாடு போட்ட மூன்றாம் மாதத் தானத்தன்று, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே.

"நேரம் பாக்காமப் போட்ட அஸ்திவாரம் மச்சான் அது. நீ எல்லாத்தையும் மெஷின்ல வெச்சு உடைச்சுப் பாக்குறவன். தலையெழுத்தையும் ஒரு நாள் வெச்சு உடைச்சுப் பாரேன்."

அபேரத்ன துண்டை எடுத்து அவருக்குக் கொடுத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வரவில்லை. மகன் போனதிலிருந்து அப்படித்தான் இருந்தது. பசி எடுத்தது, தூக்கம் வந்தது, கட்டி உடையும் சத்தம் கேட்டது. எல்லாம் அடுத்த அறையில் நடப்பது போல இருந்தது. அழவேண்டிய இடங்களில் அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த காரியத்துக்குப் போனார்.

வீட்டை நிறுத்தியிருக்கலாம். சுவர் எழும்பியிருந்தது. இருவருக்கும் பின்பக்கத்து இரண்டு அறை போதும். ஆனால் ஒரு வருஷத் தானத்தைப் புது வீட்டுக் கூடத்தில் கொடுக்க வேண்டும் என்றாள் ரம்யலதா. "அவன் கேட்ட வீடு. பிக்குமார் வந்து அதுல உக்காந்து அவனுக்குப் புண்ணியம் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." தானம் ஆகஸ்ட் பதினேழு. அதற்குத் தளத்தை ஜூலை பத்துக்குள் போட்டாக வேண்டும். குணபால சோதிடரிடம் போய் நேரம் வாங்கிவந்தார்: ஜூலை எட்டு, காலை பத்து நாற்பத்தாறு, வடக்குப் பார்த்து, வெள்ளை உடுத்து. அபேரத்ன லாரியைப் பத்து மணிக்குச் சொல்லிவைத்தார். இரண்டு லாரிக் கலவை. முதலாவது முன்கூடத்துக்கு, இரண்டாவது பின்னறைகளுக்கு. அவர் பங்குக்கு எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார்.

எட்டாம் தேதி காலை எட்டேகாலுக்கு முதல் லாரி வந்து வாசலில் நின்றது.

டிரைவர் இந்திக சிரித்துக்கொண்டே இறங்கினான். "காலையில ஒரு ஆர்டர் நின்னு போச்சு மாத்தயா. நம்ம அபேரத்ன மாத்தயா வீடு, வெயிலுக்கு முன்னால போட்டு முடிக்கட்டும், முதல் லோடே அவருக்கு அனுப்புன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

அபேரத்ன சீட்டை வாங்கிப் பார்த்தார். கலவை போட்ட நேரம் ஏழு நாற்பது.

முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பாற்சோறு வெந்துகொண்டிருந்தது. மண்பானையில் பால் பொங்கத் தயாராக இருந்தது. பாஸ் ஜஸ்டினும் அவருடைய ஆட்களும் மேலே கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து மீன் பன் தின்றுகொண்டிருந்தார்கள். லாரியைப் பார்த்து எழுந்தார்கள். ஜஸ்டின் மேலிருந்தபடி குரல் கொடுத்தார். "என்ன மாத்தயா, போட்டுடலாமா? பம்ப்பும் வந்துடுச்சு. பத்து மணிக்கெல்லாம் கூடம் முடிஞ்சிடும்."

ரம்யலதா வெள்ளைச் சேலையில் வாசற்படிக் கல்லில் நின்றாள். "இன்னும் நேரம் வரலை பாஸ்."

"அது சரி அக்கா. ஆனா இது சோறு இல்லையே, சூடு பண்ணி வெச்சுக்க."

"இருக்கட்டும். காத்திருக்கட்டும்."

ஜஸ்டின் அபேரத்னவைப் பார்த்தார். இந்திகவும் பார்த்தான். குணபால கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டரை மணி நேரம்தானே. சுத்திக்கிட்டே இருந்தா இறுகாது. அதுக்குத்தானே அந்த உருளை" என்றார்.

அபேரத்ன வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்குத் தெரியும், ஆயிரம் பேருக்குச் சொன்னதுதான். அதற்குள் ரம்யலதா அவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அஸ்திவாரத்துக்கு நீங்க சொன்னதைக் கேட்டேன்."

எல்லோரும் அதைக் கேட்டார்கள். அதன் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை.

செய்வதற்கு மூன்று காரியங்கள் இருந்தன. லாரியைத் திருப்பி அனுப்பி வேறொன்றைப் பத்து மணிக்கு வரச் சொல்லலாம். ஆலைக்குப் போன் செய்து, இறுகுவதைத் தள்ளிப்போடும் மருந்தைக் கொண்டுவரச் சொல்லலாம்; அரை மணியில் வந்துவிடும். இல்லை, இப்போதே போடச் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போதும். அபேரத்ன மாமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உருளை சுற்றியது. உள்ளே ஜல்லி புரளும் சத்தம் முதலில் ஈரமாக இருந்தது. மனிதன் குறித்துவைக்கிற நேரம் கலவைக்குத் தெரியாது. தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து அதற்குள் வேறொரு நேரம் ஓடுகிறது, அதை யாரும் நிறுத்திவைக்க முடியாது. இதெல்லாம் அவருக்கு மனதில் ஓடியது. ஓடியதே தவிர அவரைத் தொடவில்லை.

ஒன்பதரைக்கு இந்திக வந்து அருகே நின்றான். ஆலையில் தண்ணீர் சேர்க்கும் டிரைவர்கள் பயப்படுகிற ஒரே ஆள் அபேரத்னதான். அதனால் அவன் தலையைச் சொறிந்தான்.

"மாத்தயா, சத்தம் மாறிடுச்சு. கொஞ்சம் தண்ணி விடட்டுமா? இல்லேன்னா பம்ப்புல போகாது."

"விடு."

"நிஜமாவா?"

"விடுன்னு சொன்னேன்ல."

பத்தேகாலுக்கு இன்னொரு தடவை விட்டான். பத்தரைக்குக் கேட்காமலே விட்டான். மேலே ஜஸ்டின் யாரிடமோ, "லாரி சுத்துறதைப் பாத்து எனக்குத் தலை சுத்துதுடா" என்று சொல்வதும் ஆட்கள் சிரிப்பதும் கேட்டது. சீட்டின் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் தண்ணீர் சேர்க்கப்பட்டது. அதன் கீழே அபேரத்ன கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் பிறருடைய கையெழுத்துகளை அந்த இடத்தில் பார்த்து, இந்த ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாதா என்று நினைத்திருக்கிறார்.

பத்து நாற்பத்தாறுக்குப் பால் பொங்கியது. ரம்யலதா வடக்குப் பார்த்து நின்று முதல் சட்டிக் கலவையைக் கம்பிகளுக்கு மேல் கொட்டினாள். குணபால கண்ணைத் துடைத்துக்கொண்டார். பம்ப் இரைந்தது. கலவை கஞ்சி மாதிரி ஓடிப் பரவியது. ஆட்களுக்குச் சுகமான வேலை. மத்தியானத்துக்குள் கூடம் முடிந்தது. பதினொன்றரைக்கு வந்த இரண்டாவது லாரி புதுக் கலவை. அதைத் தள்ளிப் பரப்ப அவர்கள் திட்டிக்கொண்டே மூன்று மணிவரை பாடுபட்டார்கள்.

அபேரத்ன ஆலையிலிருந்து அச்சுகள் கொண்டுவந்திருந்தார். முதல் லாரியிலிருந்து ஆறு கட்டி, இரண்டாவதிலிருந்து மூன்று. மறுநாள் அவற்றைத் தொட்டியில் மற்றவர்களுடைய கட்டிகளோடு இறக்கிவைத்து, புத்தகத்தில் வாடிக்கையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

தளத்தின் மேல் பத்து நாள் தண்ணீர் கட்டினார். அதிகாலையில் எழுந்து மேலே ஏறி, மண் வரப்பு உடைந்த இடங்களை அடைத்து, குழாயைத் திறந்துவிட்டு ஆலைக்குப் போவார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிமேல் கையை வைத்துக்கொண்டு, "உங்க தளத்தை மாதிரி இந்த ஊர்ல எந்தத் தளத்தையும் யாரும் பாத்துக்கிட்டது இல்ல" என்றார். அபேரத்ன வரப்பில் இன்னொரு கை மண்ணை அப்பினார். எத்தனை தண்ணீர் கட்டினாலும் உள்ளே போன தண்ணீரை வெளியே எடுக்க முடியாது.

ஏழாம் நாள் முதல் லாரிக் கட்டிகளில் மூன்றை உடைத்தார். முந்நூற்று எழுபதுக்கு மேல் வரவேண்டிய முள் இருநூறில் நின்றது. சில கலவைகள் பின்னால் வலுப்பிடிக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வேறு யாராவது அதை அவரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பதினாலாம் நாள் ஜஸ்டின் கம்பு கேட்டு வந்தார். கூடத்தில் மட்டும் எழுபது முட்டுக் கம்புகள் நின்றன. "பின்னறையில உள்ளதை எடுத்துக்குங்க. கூடத்துல இருக்கட்டும்" என்றார் அபேரத்ன. இருபத்தொன்றாம் நாளும் கூடத்துக் கம்புகளுக்கு அதையே சொன்னார்.

ஜஸ்டின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மாத்தயா, நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணுமோ?"

"நீங்க சொன்னீங்க பாஸ். சோறு இல்லேன்னு."

"அது சும்மா வாய்ல வந்தது."

"கம்பு வாடகை நான் தர்றேன். இருக்கட்டும்."

இருபத்தெட்டாம் நாள், ஆகஸ்ட் ஐந்து, மீதிக் கட்டிகளை உடைத்தார். கூடத்துக்குப் போன கலவை இருநூற்றுத் தொண்ணூற்றேழு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்று, முந்நூற்று ஐந்து. பின்னறைக்குப் போனது மூன்றுக்கும் சராசரி ஐந்நூற்று எண்பத்தெட்டு. நல்ல கட்டி உடையும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். கூடத்துக் கட்டிகள் சத்தமே போடாமல் ஓரங்களில் உதிர்ந்து அமுங்கின. எல்லா எண்களையும் எழுதித் தாளை மேலே அனுப்பினார். பிறகு தொட்டி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பயம் வரவேண்டிய இடம் அது என்று அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரம்யலதா புதுக் கூடத்தில் கம்புகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஒரு கயிற்றால் சுவரை அளந்துகொண்டிருந்தாள். பதினைந்து பிக்குகளை வரிசையாக உட்கார வைக்க எத்தனை முழம் வெள்ளைத் துணி வேண்டும் என்று பார்த்தாள். அபேரத்ன நிலைப்படியில் வந்து நின்றார்.

"இந்தக் கம்பெல்லாம் என்னைக்கு எடுக்கிறாங்க? எட்டு நாள்தான் இருக்கு. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்" என்றாள் திரும்பாமல்.

"எடுக்க முடியாது."

"ஜஸ்டின் வர மாட்டேன்னுட்டானா?"

"நான்தான் வேண்டாம்னேன். இந்தத் தளம் சரியில்ல, ரம்யா."

அவள் கயிற்றைச் சுருட்டினாள். "விழுந்துடுமா?"

"இப்ப நிக்குது, கம்பு இருக்கு. கம்பை எடுத்தாலும் நிக்கலாம். பத்து வருஷம்கூட நிக்கலாம். இல்ல, பதினேழாந் தேதியே விழலாம். என்னால சொல்ல முடியல."

"உங்க மெஷின் என்ன சொல்லுது?"

"ஐந்நூத்தறுபது தாங்கணும். சராசரி முந்நூறுகூட வரலை. பின்னறை நல்லா இருக்கு. கூடம் மட்டும்தான்."

"எதனால?"

வெயில் என்று சொல்லியிருக்கலாம். சிமெண்ட் பழசு என்று சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள்.

"லாரி நின்னதால. கலவை போட்டு மூணு மணி நேரம் ஆயிடுச்சு. தண்ணி விட்டோம்."

ரம்யலதா ஒரு கம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கம்பு அசைகிறதா என்று பார்ப்பவள் போல இருந்தது.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"சீட்டை வாங்கினப்பவே."

"அப்புறம் ஏன் சொல்லல? ஊருக்கெல்லாம் சொல்றீங்க."

அபேரத்ன காரணத்தைத் தேடிப் பார்த்தார். அவள் அன்று சொன்ன வார்த்தை வலித்ததால் என்று சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் வலிக்கவில்லை. அவளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்றாலும் பொய். பழிவாங்கவும் இல்லை. தேடிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"சொல்லணும்னு தோணல. எனக்கு எதுவுமே தோணல. ஒரு வருஷமா அப்படித்தான் இருக்கு."

"எனக்கு மட்டும் தோணுதா?" என்றாள் அவள். "காலையில எந்திரிக்கிறேன், தேங்கா துருவுறேன். எதுக்குத் துருவுறேன்னு தெரியல. இந்தத் தானம் ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்சுது. பதினஞ்சு பிக்குமாரை இதுக்குக் கீழ உக்கார வெச்சிருப்பேன் நான்."

"அதுக்கு முன்னால சொல்லியிருப்பேன்."

"எப்ப?"

இன்றைக்குக் காலையில் அவள் கயிறோடு உள்ளே போவதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எப்போது சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"வெளிய வாங்க" என்றாள். இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள். அவள் மாமரத்தடி நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெல்லத் துண்டும் பால் இல்லாத தேநீரும் வந்தன.

அன்று சாயங்காலம் பந்தல்காரனோடு குணபால வந்தார். பிக்குகளின் பாதத்தைக் கழுவ எந்த இடம், மேளம் எந்த இடம் என்று அவர் கையைக் காட்டத் தொடங்கியதும் ரம்யலதா இடைமறித்தாள். "தானம் முற்றத்துலதான் அண்ணே. கூடத்துல இல்ல. பந்தலைப் பெருசாப் போடச் சொல்லுங்க."

"ஏன், கூடத்துக்கு என்ன?"

"தளம் சரியா வரலை. உடைக்கணும்."

குணபால அபேரத்னவைப் பார்த்தார். "மச்சான், நல்ல நேரத்துல போட்ட தளம் அது. நான் போய் வாங்கிட்டு வந்த நேரம்."

"நேரம் சரிதான் அண்ணே" என்றாள் ரம்யலதா. "லாரிதான் முந்தி வந்துடுச்சு."

"அப்போ கம்பெனிக்காரன் தப்பு. மச்சான் அவனைச் சும்மா விடக் கூடாது."

"யார் தப்புன்னு நான் கேக்கலை. லாரி முந்தி வந்தது அவங்க நம்ம மேல வெச்ச பிரியத்துல. நிறுத்தி வெச்சது நான். பேசாம இருந்தது அவர். நீங்க கடிகாரத்தைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க. போதுமா? பந்தலைப் பாருங்க."

குணபால பந்தலைப் பார்க்கப் போனார். அபேரத்ன அவள் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அதில் தவறாக எதுவும் இல்லை. நேரமும் சரி, கலவையும் ஆலையிலிருந்து கிளம்பும்போது சரிதான். அவர் அதில் ஒரு சொல்லைக்கூடத் திருத்த முடியாது.

பதினேழாம் தேதி தானம் நடந்தது. பிக்குகள் பந்தலின் கீழ் உட்கார்ந்து, இருவர் கையிலும் ஒரே தண்ணீர்க் கூசாவைப் பிடிக்கச் சொல்லி, கிண்ணம் நிரம்பி வழியும்வரை தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். மகன் பெயரைச் சொன்னார்கள். வந்தவர்கள் பின்னாலிருந்த கூடத்தின் கம்புக் காட்டைப் பார்த்தார்கள், பெரும்பாலும் கேட்கவில்லை. ஓரிருவர் கேட்டபோது ரம்யலதாவே, "தளம் சரியா வரலை" என்றாள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை உடைக்கும் இயந்திரத்தோடு மூன்று பேர் வந்தார்கள். நடுச்சட்டத்துக்கு அந்தப் பக்கம், பின்னறைத் தளத்தில், கை வைக்கக் கூடாது, கம்பியை வெட்டக் கூடாது என்று அபேரத்ன சொல்லிக்கொடுத்தார். அன்று லீவு போட்டிருந்தார். "ரெண்டு நாள் ஆகும் மாத்தயா" என்றார்கள். மூன்று மணிக்கெல்லாம் முடித்துவிட்டார்கள். சில இடங்களில் இயந்திரமே வேண்டியிருக்கவில்லை, கடப்பாரையால் தட்டியதும் கொட்டியது. வானத்துக்குக் கீழே துருப்பிடிக்காத கம்பிகள் மட்டும் கட்டம் கட்டமாக நின்றன.

ரம்யலதா காலையிலிருந்து வேலி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டு போனதும் கிட்டே வந்தாள். கீழே கிடந்த குவியலைப் பார்த்தாள். பிக்குகளுக்குத் துணி விரிக்க அவள் அளந்த இடம் அது.

"ரெண்டு நாள் ஆகும்னாங்களே."

"நல்ல தளமா இருந்தா ஆகும்."

அவள் தலையசைத்தாள். அழவில்லை. அவரும் அழவில்லை. கொஞ்ச நேரம் தூசு அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கு வேலைக்குப் போறீங்களா?"

"போகணும்."

"லாரி அனுப்புறவங்ககிட்ட நீங்களே நேர்ல பேசுங்க. புதுத் தளத்துக்கு நேரத்தை நான் அண்ணன்கிட்டச் சொல்லி வாங்குறேன். எத்தனை மணிக்குக் கிளம்பினா சரியா வரும்னு நீங்க பாருங்க."

"முக்கால் மணி நேரம் முன்னால கிளம்பினாப் போதும்" என்றார். பிறகு, "வழியில எங்கயாவது நின்னுட்டா, நேரம் தாண்டிடும்" என்றார்.

"தாண்டினா சொல்லுங்க. முந்தி வந்தாலும் சொல்லுங்க. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. நான் கோவப்படுவேன். கோவப்பட்டா என்ன, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க."

"சரி" என்றார் அபேரத்ன.